இரண்டரை பவுன் வித்தியாசம்

எங்கள் அலுவலகத்தில் ஒரு குண்டூசிப் பெட்டி வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்க வேண்டும். மூன்றையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதி, எது குறைந்த விலை என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, 'ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்று மேலே அனுப்ப வேண்டும். அந்தத் தாளுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் என்று பெயர். ஸ்டோர்ஸ் பிரிவில் என் உத்தியோகமே அதுதான். பினாயில், மின்விசிறி, சுவர்க் கடிகாரம், கோப்பு கட்டும் நாடா என்று என் கட்டங்களுக்குள் வந்து அடங்காத பொருளே கிடையாது. ஆணை போடுகிறவர் ஒருவர். வாங்கி வருகிறவர் இன்னொருவர். கட்டம் போடுகிறவன் நான்.

வீட்டிலும் எனக்கு அதே பதவிதான் என்பது, டேப்லெட் வாங்கும் பேச்சு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. மற்ற மூவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

மகள் பி.ஆர்க். முதல் வருஷம். படம் போட, குறிப்பெடுக்க ஒரு டேப்லெட் வேண்டும் என்றாள். "எதுவா இருந்தாலும் பரவாயில்லப்பா. ஐபேடா இருந்தா நல்லது" என்றும் சொன்னாள். இந்த 'எதுவா இருந்தாலும்' என்ற சொல்லுக்குள் எத்தனை கண்டிஷன் அடங்கியிருக்கிறது என்பது பெண் பெற்ற எல்லாருக்கும் தெரியும். அடுப்படியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "ஏன், சாம்சங் ஆகாதா? நம்ம ஃப்ரிட்ஜ் சாம்சங்தானே, இத்தனை வருஷமா ஒரு குறையும் இல்லாம ஓடுது."

இப்படியாக இரண்டு நிறுவனங்கள் எங்கள் ஹாலில் வந்து உட்கார்ந்துகொண்டன. "ரெண்டு பேரும் சும்மா இருங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். அவர்கள் சும்மா இருந்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இடப்பக்கம் 'ஐபேட், ஏ16, 2025 மாடல்'. வலப்பக்கம் 'கேலக்ஸி டேப் எஸ்10 எஃப்இ, அதுவும் 2025'. விதிப்படி மூன்றாவது விலைப்புள்ளி ஒன்று இருக்க வேண்டும். வேறு கம்பெனி பெயர் ஒன்றைச் சொன்னதும் மகள் பார்த்த பார்வையில், 'சிறப்பு நேர்வாகக் கருதி இரண்டு விலைப்புள்ளிகளே ஏற்கப்படுகின்றன' என்று அடிக்குறிப்பு எழுதிக்கொண்டேன்.

விலையை முதலில் எழுதிவிட்டால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும் என்று பயந்து, வரலாற்றில் ஆரம்பித்தேன். டேப்லெட் வாங்க அதன் வரலாறு எதற்கு என்று மனைவி கேட்டாள். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் மூன்று தலைமுறையை விசாரிக்கவில்லையா என்றேன். "விசாரிச்சுட்டா பண்ணாங்க, எனக்கு?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

ஆனால் வரலாறு பிரமாதமாக இருந்தது. ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபேடை மேடையில் காட்டியது 2010 ஜனவரி 27. அதே வருஷம் சாம்சங் ஏழு அங்குலத்தில் கேலக்ஸி டேப் கொண்டுவந்தது. அக்டோபரில் ஜாப்ஸ் அந்த அளவைக் கிண்டல் செய்தார்: ஏழு அங்குலத்தில் விரலை வைத்து வேலை செய்ய வேண்டுமானால், விரலைக் கால்வாசியாகத் தேய்த்துக்கொள்ளக் கூடவே உப்புத்தாளும் கொடுக்க வேண்டும் என்றார். 2012-இல் ஆப்பிளே 7.9 அங்குலத்தில் ஐபேட் மினி விட்டது. உப்புத்தாள் கொடுக்கவில்லை. 2007-இல் ஐபோனை அறிமுகப்படுத்தியபோது 'ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும்' என்று கேட்டவரும் அவரேதான். 2015-இல் அவர் கம்பெனி ஆப்பிள் பென்சில் என்று ஒன்றை விற்கத் தொடங்கியது. பென்சில் என்று பெயர் வைத்துவிட்டால் அது ஸ்டைலஸ் ஆகாது. எங்கள் அலுவலகத்தில் நாற்காலிக்குப் பணம் இல்லாத வருஷத்தில் 'இருக்கை உபகரணம்' என்று எழுதி வாங்கியிருக்கிறோம். ஆகவே எனக்கு இது புரிந்தது.

வழக்கு விவகாரம் அதைவிட ருசி. 2011-இல் ஆப்பிள், தன் வடிவத்தைக் காப்பியடித்துவிட்டதாகச் சாம்சங் மேல் வழக்குப் போட்டது. அந்தச் சமயத்தில் ஐபேடின் உள்ளே இருந்த சிப்பை ஆப்பிளுக்குச் செய்து கொடுத்துக்கொண்டிருந்ததும் சாம்சங்தான். கல்யாண மண்டபத்தில் முகம் கொடுத்துப் பேசாமல், சீர்வரிசைத் தட்டை மட்டும் ஒழுங்காக வாங்கி வைத்துக்கொள்ளும் சம்பந்திகள் மாதிரி இரண்டு பேரும் நடந்துகொண்டார்கள்.

கலிபோர்னியாவில் நீதிபதி லூசி கோ ஒருநாள் இரண்டு டேப்லெட்டையும் கையில் தூக்கிப் பிடித்து, இதில் உங்களுடையது எது என்று சாம்சங் தரப்பு வக்கீலைக் கேட்டார். பத்தடி தூரத்தில் நின்ற வக்கீல், இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை என்றார். எங்கள் வீட்டு ஹாலின் அகலமே பத்தடிதான். அந்தக் கணக்கில், எங்கள் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களுக்கு நாங்கள் வாங்கியிருப்பது எது என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. இந்தச் செய்தியை மகளிடம் சொன்னேன். "பின்னாடி ஆப்பிள் இருக்குமேப்பா" என்றாள்.

லண்டனில் தீர்ப்பு வேறு மாதிரி வந்தது. 2012 ஜூலையில் நீதிபதி காலின் பிர்ஸ், கேலக்ஸி டேப் காப்பி அல்ல என்று சாம்சங்குக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். காரணம் என்ன தெரியுமா? ஐபேடின் எளிமை அதில் இல்லையாம். அது ஐபேட் அளவுக்கு 'கூல்' இல்லையாம். கேஸ் ஜெயித்தவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் உண்டா! தோற்ற ஆப்பிள், 'சாம்சங் எங்களைக் காப்பியடிக்கவில்லை' என்று தன் செலவில் பத்திரிகைகளில் அறிவிப்புப் போட வேண்டியதாயிற்று. எங்கள் தெருவில் நடக்கும் காம்பவுண்டுச் சுவர் வழக்குகளில் இந்த மாதிரித் தீர்ப்பு ஒன்று வரக் கூடாதா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நோட்டில் நான்கு பக்கம் தீர்ந்திருந்தது. விலை இன்னும் எழுதவில்லை.

அடுத்து 'உள்ளூர் உற்பத்திக்கு முன்னுரிமை'. இது எங்கள் கொள்முதல் விதிகளில் உள்ள கலம், விட மனசில்லை. ஐபோன்களைப் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம். சாம்சங்கின் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆலையும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் தூங்காமல் இருந்தால் இரண்டு பேரின் வட்டாரத்தையும் கடந்து போகலாம். இரண்டு கலத்திலும் 'சமம்' என்று எழுதினேன். வாங்கப்போவது போனும் இல்லை, ஃப்ரிட்ஜும் இல்லை என்று மகள் ஞாபகப்படுத்தினாள்.

திரை அளவுக்கு வந்தபோதுதான் என் அனுபவம் கைகொடுத்தது. ஐபேட் 11 அங்குலம் என்கிறார்கள். பொடி எழுத்தில் பார்த்தால் மூலைக்கு மூலை 10.86. இதற்கு முந்தைய மாடலுக்கும் அதே 10.86தான், அப்போது 10.9 என்று சொன்னார்கள். திரை ஒரு மயிரிழைகூட வளரவில்லை, சொல் மட்டும் வளர்ந்திருக்கிறது. சாம்சங் 10.9 என்று சொல்லி 10.9 தருகிறது. மனை வாங்கும்போது ஆயிரத்து நூத்துச் சொச்சத்தை 'அரை கிரவுண்டு' என்று ரவுண்டு பண்ணிச் சொன்ன புரோக்கரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அகலத்தைக் கொஞ்சம் குறைத்து உயரத்தைக் கூட்டிக் கொடுப்பதால், மொத்தப் பரப்பில் ஐபேட்தான் இரண்டு சதுர அங்குலம் கூடுதல். கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தும் இது நாட்டில் யாருக்குப் பிரயோசனம் என்று தெரியாததால், பெட்டி கட்டி வைத்தேன்.

எடை என்ற கலத்தில்தான் முதல் கலவரம்.

ஐபேட் 477 கிராம். சாம்சங் 497. 'வித்தியாசம் 20 கிராம், புறக்கணிக்கத்தக்கது' என்று எழுதியதை உரக்கவும் படித்துவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இருபது கிராமா? ரெண்டரை பவுனுங்க."

ரெண்டரை பவுனைப் புறக்கணிக்கத்தக்கது என்று சொன்ன ஆண் எங்கள் பரம்பரையில் நான் ஒருவன்தான். அன்று தங்கம் விற்ற விலையில் அந்த இருபது கிராமுக்கு நாலு டேப்லெட் வந்திருக்கும். அவள் அத்தோடு விடவில்லை. படுத்துக்கொண்டு சீரியல் பார்க்கையில் மூஞ்சியில் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். படிப்புக்காக வாங்குகிற பொருளில் இவள் எப்போது படுத்துக்கொண்டு சீரியல் பார்க்கப்போகிறாள் என்ற கேள்வி என் தொண்டைவரை வந்து திரும்பிப் போயிற்று.

நேராக அடுப்படிக்குப் போய் அரைக்கிலோ ரவை பாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தாள். சோபாவில் மல்லாந்து படுத்தாள். பாக்கெட்டை இரண்டு கையாலும் மூஞ்சிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "டைம் பாருங்க." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். விளம்பர இடைவேளை வருகிற நேரம்கூட ஆகவில்லை, கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ரவை பாக்கெட்டின் மூலை மூக்கு நுனியை உரசியது. "ரெண்டும் ஆகாது. ஸ்டாண்டு வச்ச கவர் வாங்கணும்" என்று தீர்ப்பளித்துவிட்டு, அந்த ரவையிலேயே உப்புமா கிண்டினாள். ஆய்வகச் சோதனைக்குப் பிறகு சாம்பிளைச் சாப்பிடுகிற வசதி எங்கள் அலுவலகத்தில் இல்லை.

அடுத்த கலம் திரை விகிதம். இதை எழுதும்போது மாமியார் மருமகள் விவகாரத்துக்குள் கால் வைக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.

என் அம்மா பழைய படம் பார்ப்பாள். 'திருவிளையாடல்' (1965), 'புதிய பறவை' (1964), அதற்கு முந்தியவை இருந்தால் இன்னும் உத்தமம். அந்தக் காலப் படங்களின் சட்டம் கொஞ்சம் சதுரமானது. ஐபேடின் திரையும் அப்படியே. வைத்தால் ஏறக்குறைய முழுத்திரையும் நிரம்பும். சுமார் 95 சதவீதம். அதே படத்தைச் சாம்சங்கில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்து, 86 சதவீதம்தான் மிஞ்சும். மனைவி பார்க்கும் சீரியல்களோ இந்தக் காலத்து டிவிக்கான 16க்கு 9 சட்டம். அவை சாம்சங்கில் 90 சதவீதம் நிறையும். ஐபேடில் மேலும் கீழும் பட்டை விழுந்து 81. சினிமாஸ்கோப் படம் என்றால் இரண்டிலும் பட்டை உண்டு, சாம்சங்கில் கொஞ்சம் குறைவு. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் சிவாஜி நடித்த 'ராஜராஜ சோழன்', 1973. ஆக, என் கணக்குப்படி 1973-க்கு முன் ஐபேட், 1973-க்குப் பின் சாம்சங். சிவாஜி ரசிகர்களுக்கு மட்டும் இரண்டும் வேண்டும்.

அம்மாவின் கண்ணுக்கு ஒன்பது சதவீதம் நஷ்டம் வரலாமா, மனைவியின் கண்ணுக்கு வரலாமா என்று முடிவு செய்ய வேண்டிய கட்டத்தில் எந்தப் புத்திசாலியும் செய்வதைத்தான் செய்தேன். நோட்டை மூடிவிட்டு, மாவு அரைக்கப் போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

மறுநாள் பேனா. இங்கேதான் இரண்டு கம்பெனிக்காரர்களும் நம் ஊரை நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று பட்டது. நம் வீடுகளில் எது வாங்கினாலும் கேட்கிற முதல் கேள்வி, "கூட என்ன தர்றான்?" குக்கர் வாங்கினால் இட்லித் தட்டு, சேலை வாங்கினால் கட்டைப்பை, ஒன்றும் இல்லையென்றால் காலண்டராவது வர வேண்டும். மனைவியும் அதையே கேட்டாள். பார்த்துச் சொன்னேன். சாம்சங் பெட்டிக்குள் எஸ் பென் என்ற பேனா இருக்கிறது, சார்ஜர் இல்லை. ஐபேட் பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறது, பேனா இல்லை.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு பண்றாங்களா?" என்றாள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் வந்து, கடைசியில் விலையை எழுதினேன். ஐபேட் அறிவிப்பு விலை 34,900. சிவப்பு மையை எடுத்து அடிக்கோடிடப் போகிறேன், பின்னாலிருந்து மகள், "பென்சில் சேர்க்கலையேப்பா" என்றாள். யுஎஸ்பி-சி பென்சில் 7,900. கூட்டினால் 42,800. சாம்சங் பேனாவோடு 42,999.

199 ரூபாய். இரண்டு கம்பெனி, இரண்டு கண்டம், கோர்ட்டு கேஸ், தீர்ப்பு, அப்பீல், என் நோட்டில் முக்கால்வாசி எல்லாம் போக மிஞ்சியது 199 ரூபாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை. தொழில்முறை மரியாதைதான் வந்தது. எங்கள் அலுவலகத்துக்கு விலைப்புள்ளி போடுகிற கடைக்காரர்களும் இப்படித்தான் ஒருவர் தாளை இன்னொருவர் பார்த்து எழுதுவார்கள். ஆனால் இவ்வளவு சுத்தமாக வராது. விதிப்படி குறைந்த விலை ஐபேட். 199 ரூபாய்க்காக அதைப் பரிந்துரைக்கிறேன் என்று அறிவித்தேன்.

"அந்தப் பென்சில்ல பிரஷர் கிடையாதுப்பா" என்றாள் மகள்.

"பிரஷர் இல்லாம இருக்கறது நல்லதுதானேம்மா. எனக்கு இருக்கே, பார்க்கலையா?"

அவள் பொறுமையாக விளக்கினாள். அழுத்தி வரைந்தால் கோடு தடிக்க வேண்டும், மெல்ல வரைந்தால் மெலிய வேண்டும். கட்டடப் படத்துக்கு நிழல் போடுகிறவர்களுக்கு அது முக்கியம். சாம்சங் பேனாவில் அது உண்டு. 7,900 ரூபாய் பென்சிலில் கிடையாது. அது உள்ள பழைய மாடல் ஆப்பிள் பென்சில் 9,500. அதைச் சார்ஜ் பண்ண நடுவில் குட்டியாக ஓர் அடாப்டர் வேறு மாட்ட வேண்டும். சாம்சங் பேனாவுக்கு எழுதச் சார்ஜே தேவையில்லை. "ஆனா புரோகிரியேட் ஐபேட்ல மட்டும்தான் வரும்" என்று பெருமூச்சு விட்டாள். அது படம் வரைகிறவர்கள் உயிரை விடுகிற ஒரு ஆப். கையில் இருக்கும் பேனா சாம்சங்கிலும், மனசில் இருக்கும் ஆப் ஐபேடிலும் கிடக்க, இவள் முதல் வருஷத்திலேயே கட்டடக் கலையின் அடிப்படைச் சிக்கலைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது 44,400-க்கு 42,999. என் சிவப்புக் கோடு இடமிருந்து வலத்துக்கு மாறியது. நோட்டில் அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டேன், தணிக்கையில் கேட்பார்கள்.

நேரில் பார்க்காமல் ஆகாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தில்லைநகர்ப் பக்கம் ஒரு கடைக்குக் குடும்பத்தோடு போனோம். அம்மா வரவில்லை. டேப்லெட்டுகளை மேஜையில் வைத்து, முதுகில் ஒயரை ஒட்டிக் கட்டிப்போட்டிருந்தார்கள். கைக்கு எடுத்தால் ஒரு முழத்துக்கு மேல் வராது. திரை முழுக்க ஊரார் கைரேகை. விற்பனைப் பையன் டீ-சர்ட் நுனியால் ஒரு துடை துடைத்துவிட்டு, "சார், இது 90 ஹெர்ட்ஸ், அது 60. ஸ்மூத்னஸ் பாருங்க" என்று விரலால் மேலும் கீழும் தள்ளிக் காட்டினான். எனக்கு இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடின. மகள் "ஆமா, தெரியுது" என்றாள். எங்கள் வீட்டுக்கு மின்வாரியம் அனுப்புவதே 50 ஹெர்ட்ஸ்தான், அதற்கு மேல் நமக்கு எதற்கு என்று கேட்டேன். பையன் சிரிக்கவா வேண்டாமா என்று மகளைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கடைக்குள் நுழைந்த பத்தாவது நிமிஷத்திலிருந்து அவள் என்னோடு வந்தவள் இல்லை.

நான் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஐபேடில் தமிழ் விசைப்பலகை 2013-இலிருந்தே கூடவே வருகிறது. தமிழ்99-உம் உண்டு, அஞ்சலும் உண்டு, எழுத்துரு முத்து நெடுமாறன் செய்தது. இன்னொன்றிலும் தமிழ் குறையில்லாமல் வந்தது. ஒற்றை விரலால் குத்துகிறவனுக்கு எந்த விசைப்பலகையானால் என்ன. 'ஒப்பீட்டுப் பட்டியல்' என்று அடித்து முடிப்பதற்குள் பையன் இன்னொரு குடும்பத்துக்கு ஒரு மிக்ஸியை விற்றுவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு மனைவி பேச ஆரம்பித்தாள். "இதுல தண்ணி பட்டா என்னப்பா ஆகும்?"

பையன் முகம் மலர்ந்தது. "சாம்சங் ஐபி68 மேடம். ஒன்றரை மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. ஐபேடுக்கு அந்த ரேட்டிங் கிடையாது."

"தண்ணித் தொட்டில யாரு போடப்போறா? பக்கத்துல வச்சு வீடியோ பார்த்துக்கிட்டே தாளிப்பேன். கடுகு வெடிச்சு எண்ணெய் தெறிச்சா?"

பையன் வாயைத் திறந்தான், மூடினான். தென்கொரியாவில் எத்தனையோ எஞ்சினியர்கள் தண்ணீர், தூசி என்று எல்லாவற்றையும் சோதித்து நம்பர் வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்காவது வீட்டில் தாளிக்கிற பழக்கம் இருந்திருக்க வேண்டாமா? "துடைச்சுக்கலாம் மேடம்" என்றான் கடைசியில். "ஈரத்துணியால துடைக்கலாமா?" "தாராளமா." அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் அன்றே ஆணையாகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

நான் அப்போது கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன். காரணம், நான் படித்ததிலேயே என்னை மிகவும் உலுக்கிய தகவல் அது: 2010-இல் பிறந்த ஐபேடுக்கு, 2024 வரை கம்பெனி கொடுத்த கால்குலேட்டர் கிடையாது. பதினாலு வருஷம் உலகமே வாங்கிய ஒரு கம்ப்யூட்டரில் பால் கணக்குப் போட வழியில்லாமல் இருந்திருக்கிறது. பதினாலு வருஷம் கழித்து வந்தபோது, கையால் எழுதிய கணக்கையே தீர்த்துக் கொடுக்கிற அளவுக்கு வந்தது. அதற்கும் பென்சில் இருந்தால்தான் வசதி. 7,900.

வட்டியில்லாத் தவணை, பழைய போனைக் கொடுத்தால் இவ்வளவு, இன்ன பாங்க் கார்டு என்றால் அவ்வளவு என்று பையன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். கட்டம் போட்டு எழுதியிருந்தான். நல்ல கையெழுத்து. இவன் எங்கள் பிரிவுக்கு வரவேண்டிய ஆள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று நான் எல்லார் சார்பிலும் அறிவித்தேன். திரும்பி வரும் வழியில் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் மட்டும் பேசிக்கொண்டு வந்தேன்.

பட்டியலை நல்ல பேப்பரில் நகல் எடுத்து, இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டு என்று பின்குத்தி, முடிவுரை மட்டும் பாக்கி என்ற நிலையில் ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ஹாலில் டேப்லெட் இருந்தது. ஸ்டாண்டு வைத்த கவருக்குள் சாம்சங் உட்கார்ந்திருந்தது. கண்ணாடி ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சார்ஜர்.

"ஆடித் தள்ளுபடி முடியப் போகுதுன்னு அந்தப் பையன் போன் பண்ணான். நாங்க ரெண்டு பேரும் போய் எடுத்துட்டோம். கவர், கண்ணாடி, சார்ஜர் மூணும் கூடக் கொடுத்தான்" என்றாள் மனைவி. "ஒரு கட்டைப்பையும்."

"புரோகிரியேட்?" என்று மகளைக் கேட்டேன்.

"வேற ஆப் இருக்குப்பா. பேனா நல்லா இருக்கு" என்று நிமிராமல் சொன்னாள். திரையில் எங்கள் வீட்டு முகப்பை வரைந்துகொண்டிருந்தாள். அழுத்திய இடத்தில் கோடு தடித்தது. காம்பவுண்டுச் சுவர் நேராக இருந்தது. நேரில் அப்படி இல்லை.

முன் அனுமதி இல்லாமல் வாங்கிய பொருளுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழி இருக்கிறது. அதற்குப் பின்னேற்பு என்று பெயர். வாங்கியாகிவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, ஆகவே சரியென்று ஏற்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. பட்டியலின் அடியில் அப்படியே எழுதினேன். என் இல்லற வாழ்வின் முக்கியமான கோப்புகள் அநேகமாக எல்லாமே இந்த வாக்கியத்தில்தான் முடிந்திருக்கின்றன.

பெட்டி என் பொறுப்பில் வந்தது. வாரண்டி முடிகிறவரை பரணில் இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். மிக்ஸி பெட்டிக்கும் டிவி பெட்டிக்கும் நடுவில் இடம் பண்ணி வைத்தேன்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவுக்கு 'திருவிளையாடல்' போட்டுக் கொடுத்தார்கள். நான் கணக்குப் போட்ட அதே பட்டைகள், இரண்டு பக்கமும் கறுப்பாக விழுந்தன. பதினாலு சதவீதம் வீண். மனைவிக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை, படம் சின்னதா இருக்கா? ரெண்டு பக்கமும் கறுப்பா வருதே" என்றாள்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொட்டகைன்னா ரெண்டு பக்கமும் இருட்டாத்தானே இருக்கும்? சத்தம் போடாதீங்க, தருமி வர்றான்."